கதவு இல்லாத சுவரில் லிண்டல்

முகுந்தா,

பன்னிரண்டு நாளாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. "அத்தைக்கு முழங்கால் வலி, அப்பா துணைக்குப் போயிருக்கார்" என்று சம்பந்தி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாயாம். உன் அத்தைக்கு முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. கேம்ப் பகுதியில் அவள் வீடு இருக்கிற இந்த இரண்டாவது மாடிக்குக் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் ஏறி இறங்குகிறாள். அவள் தலையில் இல்லாத வியாதியை ஏற்றாதே. நான் ஔந்த் வீட்டைவிட்டு வந்தது உன் முகத்தைப் பார்க்க முடியாமல். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, அதற்குள் இதையெல்லாம் எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் பேசினால் எனக்குக் கத்தத்தான் வரும், உனக்கு "அப்பா, ப்ளீஸ், லிசன்" என்று ஆரம்பிக்கத்தான் வரும்.

தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். வாசி. மெதுவாகவே வாசி. எங்கேயாவது தட்டினால் நித்யாவைக் கேள், அவள் கோயம்புத்தூரில் பத்தாவது வரைக்கும் தமிழ் படித்தவள், தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டுவாள். அதற்காகத்தான் இந்த உறையை ஒட்டாமல் கொடுத்து அனுப்புகிறேன். அந்தப் பெண் எந்த வீட்டில் வலது கால் எடுத்து வைக்கப் போகிறாளோ, அந்த வீடு எப்படி வந்தது என்று அவளும் தெரிந்துகொள்ள வேண்டும். அவளிடமிருந்து இதை மறைத்தால் நீயும் நானும் சேர்ந்து ஒரு பொய்யில் அவளைக் குடி வைத்த மாதிரி ஆகிவிடும்.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன், உனக்குத் தெரியும், நித்யாவுக்குத் தெரியாது. நான் இந்த ஊரில் நகரத் திட்ட ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். அதிகாரி இல்லை, அதிகாரி சொல்வதைக் கோடாக இழுப்பவன். எந்த நிலம் பள்ளிக்கூடத்துக்கு, எது தோட்டத்துக்கு, எது ரோட்டுக்கு, எது ஏழைபாழைகளுக்கு வீடு கட்ட என்று ஊர் வரைபடத்தில் ஒதுக்கி வைப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிறம், தோட்டத்துக்குப் பச்சை. நான் கோடு இழுத்து நிறம் தீட்டுவேன். இழுத்த கோடு நிஜத்தில் எங்கே விழுகிறது என்று போய்ப் பார்க்க என்னோடு வருபவர் தத்தாராம். சர்வே சங்கிலியைப் பிடிக்கிற ஆள். வெயிலில் நின்று சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சாகேப், இங்கே நாம வீடுன்னு எழுதறோம், அஞ்சு வருஷம் கழிச்சு வந்தா பங்களாதான் நிக்கும்" என்று சிரிப்பார். வரைபடம் படிக்கத் தெரியாத அந்த மனுஷனுக்கு என்னைவிட ஊர் நன்றாகத் தெரிந்திருந்தது.

தத்தாராமின் மகள்தான் வைஷாலி. உன்னைவிட நான்கு வயது மூத்தவள். சின்ன வயதில் வீட்டுக்கு வந்து என்னை "காகா" என்று கூப்பிடுவாள், மராத்தியில் சித்தப்பா. நீ "அப்பாவைக் காக்காங்கறா, காக்காங்கறா" என்று கை தட்டிக் குதிப்பாய். அவளுக்குக் காரணம் புரியாமலே அவளும் சேர்ந்து குதிப்பாள். தத்தாராம் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவள் இப்போது ஔந்த்தில் நம் வீட்டுக்குப் பின் தெருவில் இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷனுக்கு ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் வேலை. ஊருக்கு அந்தக் கோடியில் அவன் வேலை, இந்தக் கோடியில் இவள் வேலை, நடுவில் எங்கேயும் அவர்கள் சம்பளத்துக்கு வீடு கிடைக்காது. வாகோலிப் பக்கம் வாடகைக்கு இருக்கிறார்கள். அதுவும் ஒரே வீடு இல்லை. இந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியுமே, பதினொரு மாச ஒப்பந்தம். முடிந்ததும் வீட்டுக்காரன் வாடகையை ஏற்றுவான், அல்லது தம்பிக்குக் கல்யாணம் என்பான். ஒவ்வொரு தடவையும் கேஸ் சிலிண்டரையும் பீரோவையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். காலை டூட்டிக்கு அவள் இரண்டு பஸ் மாறி வருகிறாள். குழந்தை தூங்கும்போது கிளம்பினால் தூங்கும்போதுதான் போய்ச் சேர்கிறாள்.

நான் உன்னோடு எத்தனையோ தடவை இதைப் பேசியிருக்கிறேன். நினைவிருக்கிறதா, நீ ஆர்க்கிடெக்சர் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை டைனிங் டேபிளில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாய், "நீங்க கமிஷனரா இருந்தா என்னப்பா செய்வீங்க?" என்று. நான் அன்றைக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். ஊருக்கு வெளியே கரட்டில் கொண்டுபோய் நாலாயிரம் வீடு கட்டி, ரிப்பன் வெட்டி, பஸ் விடாமல் விட்டுவிடுவது வீடு கொடுப்பது ஆகாதுடா என்றேன். வேலை எங்கே இருக்கிறதோ அங்கே வீடு வேண்டும். ஆஸ்பத்திரியைக் கட்ட அனுமதி கேட்கிறவனிடமே, ஐயா, உன் நர்ஸும் வார்ட்பாயும் எங்கே தூங்குவார்கள் என்று கேட்க வேண்டும். நிலம் விலை ஏறுவதற்கு முன்னாலேயே ஊர் தன் கைக்கு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏறின பிறகு அழுது பிரயோஜனமில்லை. எல்லாரும் வீடு வாங்கியே ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஊரே வீடு கட்டி, நியாயமான வாடகைக்கு, பத்து வருஷம் யாரும் கிளப்ப மாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். நீ ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை சந்தோஷத்தில்.

அப்புறம் அந்தச் சட்டம் வந்தது. பெரிய மனையில் அடுக்குமாடி கட்டுகிறவர்கள், அதிலேயே ஒரு பங்கைச் சின்ன வீடுகளாகக் கட்டி, குறைந்த வருமானக்காரர்களுக்குக் குலுக்கல் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று. சின்ன வீடு என்றால் நம் பக்கத்தில் வேறே அர்த்தம், ஆபீஸில் தமிழன் நான் ஒருத்தன் என்பதால் தனியாகச் சிரித்துக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் அவ்வளவு நிறைவு. பணக்காரனும் நர்ஸும் ஒரே கேட்டில் நுழைவார்கள் என்று நினைத்தேன். ஒரே கேட்டாவது, மண்ணாவது! நீங்கள் கட்டினது எப்படி? சின்ன வீடுகளுக்குப் பின்பக்கம் தனி கேட், குப்பைத் தொட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில். சரி, அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். தலைக்கு மேல் கூரை வந்தால் போதும் என்று.

அந்தக் கட்டடத்துக்கு நீதான் ஆர்க்கிடெக்ட். பில்டர் பெயர் இங்கே வேண்டாம், அவரோடு எனக்குப் பேச்சில்லை, என் பேச்சு உன்னோடு. ஔந்த்திலேயே, ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரம். குலுக்கல் அறிவிப்பு வந்ததுமே நான் வைஷாலியைக் கூப்பிட்டு, நம் ஹாலில் உட்கார வைத்து விண்ணப்பம் போட வைத்தேன். நீதான் அவளுக்கு லேப்டாப்பில் பூர்த்தி செய்து கொடுத்தாய். முகவரி என்கிற இடம் வந்ததும் அவள் விழித்தாள். "காகா, அடுத்த மாசம் இந்த வீட்டைக் காலி பண்ணணும், எந்த அட்ரஸ் போடறது?" என்றாள். வீடு இல்லாதவளிடம் கடிதம் அனுப்ப வீட்டு முகவரி கேட்கிறார்கள் பார், இதை எவன் யோசித்தான்? போன் நம்பர் இருக்கிறது, ஆனாலும் சட்டப்படி நோட்டீஸ் பதிவுத் தபாலில்தான் போகுமாம். "நம்ம வீட்டு அட்ரஸைப் போடும்மா" என்றேன். நீயும் தலையை ஆட்டினாய். நம் வீட்டு முகவரியை நீதான் டைப் செய்தாய், முகுந்தா. உன் விரல்தான்.

குலுக்கலில் அவளுக்கு விழவில்லை. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயராக வந்தாள். யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் அவளுக்கு. அன்றைக்கு அவள் ஒரு டப்பா பேடா கொண்டுவந்து கொடுத்தாள், கிடைத்தே விட்ட மாதிரி.

தீபாவளி சமயம் நீ அந்தக் கட்டடத்தின் வரைபடத்தை மேஜையில் விரித்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாய். பழைய புத்தி, நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர், கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. ஆனால் அந்தச் சுவருக்குள் ஏழடி உயரத்தில் ஒரு லிண்டல் போட்டிருந்தாய். கதவுக்கோ ஜன்னலுக்கோ மேலே கனம் தாங்குவதற்குத்தான் லிண்டல் வைப்பார்கள், மொட்டைச் சுவருக்கு எதற்கு? நீ தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாய். "இது என்னடா, கதவு இல்லாத இடத்தில் லிண்டல்?" என்றேன். நீ கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது ஜோடி வீடுப்பா" என்றாய்.

இந்த இடத்தில் நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று சொல்லத்தான் வேண்டும். அந்த வாரம்தான் நித்யா வீட்டில் தட்டு மாற்றியிருந்தோம். என் காது முழுக்கக் கல்யாணம். நீ இந்த ஊர் ஃப்ளாட் வியாபாரத்தில் எல்லாரும் சொல்கிற ஜோடியைச் சொன்னாய்: இரண்டு சின்ன வீட்டை இரண்டு பெயரில் வாங்கி, கைக்கு வந்ததும் நடுச்சுவரை இடித்து ஒரே பெரிய வீடாக்கிக்கொள்வது. நான் அதைத் தமிழில் கேட்டுக்கொண்டேன். புது ஜோடிக்கு ஏதோ செய்கிறான் போலிருக்கிறது, வெட்கப்படுகிறான் என்று சிரித்து, உன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். நீயும் சிரித்தாய். என் தப்பர்த்தம் உனக்கு அப்போதே புரிந்திருக்கும். திருத்தவில்லையே நீ.

ஒரு மாசம் கழித்துக் கத்தையாகக் காகிதம் கொண்டுவந்தாய். "அப்பா, ஜோடி வீட்டு பேப்பர்ஸ், பென்ஷன் ஸ்லிப்போட வைக்கணும், இங்க இங்க சைன் பண்ணுங்க." ஊர்க்காரன் வரைபடத்தில் ஒரு நூல் கோடு விலகினாலும் கண்டுபிடித்த மனுஷன் நான். என் பிள்ளை நீட்டின காகிதத்தில் ஒரு வரி படிக்கவில்லை. டீவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கண் அதில். இந்த ஊரில் எனக்குச் சொந்த வீடு கிடையாது என்று அதில் உறுதிமொழி கொடுத்திருக்கிறேன். உண்மைதான்! அம்மா போன பிறகு, "பின்னால அலைய வேண்டாம்ப்பா" என்று சொல்லி ஔந்த் வீட்டை நீ உன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டாய். பென்ஷனை மட்டும் பார்த்தால் நான் குறைந்த வருமானக்காரன். அத்தையிடமும் இப்படித்தான் வாங்கியிருக்கிறாய், "அண்ணன் போட்டிருக்கார்னா சரிதான்" என்று அவளும் போட்டிருக்கிறாள். நாற்பது வருஷமாக ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிற உன் அத்தை நிஜமாகவே அந்த வீட்டுக்குத் தகுதியானவள். அவளைக் கூட்டிக்கொண்டுபோய் அதில் குடி வைத்திருந்தால் நான் ஊரைக் கூட்டிக் கை தட்டியிருப்பேன். நீ எடுத்துக்கொண்டது அவள் பெயரை மட்டும்.

குலுக்கலில் சேர்க்காமல் பில்டர் பங்காக விட்டிருந்த வீட்டை அத்தை பெயரில் எடுத்தாயிற்று. அதற்கு அடுத்த வீடு கிடைத்தால்தான் சுவரை இடிக்க முடியும். அந்த அடுத்த வீடு விழுந்த ஆள் கடன் கிடைக்காமல் விலகிவிட்டான். அப்படியானால் அது யாருக்குப் போக வேண்டும்? பட்டியலில் முதல் பெயருக்கு.

போன மாதக் கடைசியில் வைஷாலி டூட்டி முடித்துவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்தாள். நீ சைட்டுக்குப் போயிருந்தாய். முகம் வாடிக் கிடந்தது. வீடு ஒதுக்குகிற ஆபீஸில் விசாரிக்கப் போயிருக்கிறாள். "உனக்கு எப்பவோ லெட்டர் அனுப்பிட்டோம், பதினஞ்சு நாள்ல வரச் சொல்லியிருந்தோம், நீ வரலை, வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு" என்றார்களாம். எனக்கு வரவே இல்லையே என்று இவள் அழுதிருக்கிறாள். தபாலை வாங்கிக்கொண்டதற்கான அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதை போனில் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். "காகா, இது என்ன பாஷை? ஆபீஸ்ல யாருக்கும் படிக்கத் தெரியல. ஏதோ கிறுக்கல்ங்கறாங்க" என்று போனை நீட்டினாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். த. முகுந்தன். பெயரின் முதல் எழுத்தான அந்த மு, கீழே சுழித்துக்கொண்டு வருகிற வால்.

உனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் என்று மூன்றும் எழுதுவாய், தமிழ் மட்டும் எழுத மாட்டாய். "கையெழுத்தாவது தமிழில் போடுடா, உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் நீ யார் என்று அதில் இருக்கட்டும்" என்று கெஞ்சி, கோடு போட்ட நோட்டில் ஒரு கோடை விடுமுறை முழுக்க எழுத வைத்தேன். சுழி சரியாக வந்த அன்றைக்கு லட்சுமி ரோட்டுக்குக் கூட்டிப்போய் ஃபவுன்டன் பேனா வாங்கிக் கொடுத்தேன். உனக்குத் தமிழில் எழுதத் தெரிந்தது இன்றுவரைக்கும் அது ஒன்றுதான். வைஷாலிக்குத் தெரிந்தவர்களில் அந்தச் சுழியைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். அவள் என்னிடம் வந்து நிற்கிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலையேம்மா, கண்ணாடி உள்ளே இருக்கு" என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். "சரி காகா" என்று போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். தூ, என்ன மனுஷன் நான்! தத்தாராம் மகளிடம் அப்படி ஒரு பொய். உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல் இருக்கிற கோபம், அதையும் தெரிந்துகொள்.

அன்று நீ வந்ததும் கேட்டேன். மேஜை இழுப்பறையைத் திறந்து அந்த உறையை எடுத்து வைத்தாய். பிரித்திருந்தது. "மறந்துட்டேன்ப்பா, ஒர்க் டென்ஷன்" என்றாய். நான் நம்புவதற்குத் தயாராகத்தான் இருந்தேன், முகுந்தா. சத்தியமாகச் சொல்கிறேன், நீ அதோடு நிறுத்தியிருந்தால் நம்பித் தொலைத்திருப்பேன். நீ நிறுத்தவில்லை. அவள் வராததால் வீடு என் பெயருக்கே வந்துவிட்டது என்றாய். "அவளுக்கு எப்படியும் லோன் கிடைச்சிருக்காதுப்பா. லீகலா எல்லாம் கிளீன். எல்லாரும் பண்றதுதான். எனக்கு நாப்பது வயசு வரைக்கும் ஈஎம்ஐ கட்ட முடியாது, நான் எங்கே போவேன்? எனக்கும் இந்த ஊர்ல வீடு வாங்க முடியல" என்றாய். ஔந்த்தில் உன் பெயரிலேயே ஒரு வீட்டில் நின்றுகொண்டு சொல்கிறாய்! அது பழசாம், லிஃப்ட் இல்லையாம், வருகிறவளுக்கு அட்டாச்டு பாத்ரூம் வேண்டுமாம். நித்யா கேட்டாளா என்றேன். நீ இழுப்பறையை மூடினாய்.

பிறகு நீ சொன்னதுதான் என்னை வீட்டைவிட்டுக் கிளப்பியது. "நீங்க மட்டும் என்ன? நீங்க பிளேடால சுரண்டலையா?"

நித்யாவுக்காக அதையும் எழுதிவிடுகிறேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வரைபடத்தை டிரேசிங் ஷீட்டில் இங்க்கால் வரைவோம். கோடு தப்பாகிவிட்டால் ஷேவிங் பிளேடை வைத்து மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே புதுக்கோடு போடலாம், அடையாளமே தெரியாது. ஒரு நாள் மேலதிகாரி கூப்பிட்டு, நதிக்கரையோரம் ஏழைகளுக்கு என்று ஒதுக்கியிருந்த ஒரு துண்டை மலைச்சரிவுக்கு மாற்றச் சொன்னார். எழுத்தில் எதுவும் தரவில்லை. "பண்ணிடுங்க" என்றார், அவ்வளவுதான். பண்ணினேன். விரலளவு கோடு. எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்கப் பயம். அந்தச் சரிவில் இன்றுவரைக்கும் ஒரு செங்கல்கூட ஏறவில்லை, நதிக்கரையில் நீச்சல்குளத்தோடு கட்டடம் நிற்கிறது. நான் வெட்கப்பட்டுக்கொண்டு, நீ வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் காரில் வைத்து உன்னிடம் சொன்னது அது. நீ அப்படி ஆகிவிடக் கூடாது என்று சொன்னது. நீ அதை எனக்கு எதிராக எடுத்து வைத்துக்கொண்டாய். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை, நான் நம்பிச் சொன்னதையே என் கழுத்தில் வைத்தால், அப்பா எங்கே போய் முட்டிக்கொள்வது?

யோசித்துப் பார்த்தேன், இங்கே அத்தை வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து, கீழே ஆட்டோக்காரர்கள் போடுகிற சத்தத்தில். ஊர் எவ்வளவு நல்ல திட்டம் போட்டாலும், போடுகிறவன் மகனே அதில் ஓட்டை வைத்தால் என்ன ஆகும்? சட்டம் எழுதுகிறவர்கள் எத்தனை வீடு கட்டினார்கள் என்று எண்ணுகிறார்கள். கட்டின பிறகு யார் கதவைத் திறக்கிறார்கள் என்று ஒருத்தன் போய்ப் பார்ப்பதில்லை. வருஷம் ஒரு தடவை ஒரு ஆள் மாடி ஏறிப் போய், பெயர் கேட்டு, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தால் உன் ஜோடி வியாபாரம் ஒரு நாள் தாங்காது. அந்த வீட்டை விற்கவே முடியாது, விட்டுப் போனால் ஊருக்கே திரும்பும் என்று எழுதி வைத்தால் யாருக்கு ஆசை வரும்? பதினொரு மாசத்துக்கு ஒரு தடவை பெட்டி கட்டுகிறவளுக்கு, அவள் வேலை செய்கிற இடத்துக்கே போய் ஆளைப் பார்த்துத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும், அவள் இன்றைக்கு நடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள். இதெல்லாம் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்லாமல் விட்டது. நம்மைப் போன்றவர்கள்மேல் அப்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இங்கே வந்த இரண்டாம் நாள் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைஷாலி வார்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அம்மா, அன்னைக்குக் கண்ணாடி என் மூக்குலதான் இருந்தது" என்றேன். "பார்த்தேன் காகா" என்றாள். "அது முகுந்தன் கையெழுத்து." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவன்தானே எனக்கு ஃபார்ம் போட்டுக் கொடுத்தான்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. அப்புறம், "எனக்கு அஞ்சு பேஷண்ட் இருக்காங்க, நாளைக்குக் காலையில அந்த ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் இருவரும் போனோம். என் பெயரில் இருக்கிற வீடு எனக்கு வேண்டாம், நான் அதில் குடியிருக்கப் போவதில்லை, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் அத்தையும் கூட வந்து தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். வைஷாலி தன் மனுவைக் கொடுத்தாள். அந்த அட்டையில் இருப்பதைப் படித்துச் சொல்லும்படி கிளார்க் என்னிடம் நீட்டினார். படித்தேன். வாக்குமூலத்தில் எழுதச் சொன்னார், எழுதினேன். "கையெழுத்துப் போட்டவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று ஒரு இடம் இருந்தது. அதில் ஒற்றைச் சொல் எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அத்தையைக் கேள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வீடு அவளுக்குக் கிடைத்துவிடும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. கெடு தாண்டிவிட்டது, தபால் போய்ச் சேர்ந்ததாகக் காகிதம் சொல்கிறது. அவள் கையில் சேரவில்லை, வேண்டுமென்றே வைத்துக்கொள்ளப்பட்டது என்று தெரிந்தால் மட்டும் மறுபடி பரிசீலிப்பார்களாம். அதைச் சொல்ல வேண்டிய ஆள் நீ. வரும் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. உனக்கு வந்த நோட்டீஸை இன்று காலை மாத்திரை எடுக்க ஔந்த் வீட்டுக்குப் போனபோது தபால்காரரிடம் நான்தான் வாங்கினேன். உன் மேஜைமேல், கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை.

"மறந்துட்டேன்" என்று நீ சொன்னால் உனக்கு ஒன்றும் ஆகாது, அவளுக்கு வீடு போய்விடும். நிஜத்தைச் சொன்னால் உன் வேலைக்கு ஆபத்து வரலாம், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வாயில் விழ வேண்டியிருக்கும். அதற்காக நான் உன்னைப் பெறவில்லைதான். நித்யாம்மா, நீ இதுவரைக்கும் வாசித்திருந்தால், உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான். கல்யாணத்தன்று மணையருகே நான் இருப்பேன், செய்ய வேண்டியதைக் குறையில்லாமல் செய்வேன்.

திங்கட்கிழமை நான் வைஷாலி பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், முகுந்தா. எதிர்ப்பக்கத்தில் உனக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். அதற்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். அதில் வந்து உட்கார்ந்து உன் முதுகில் கை வைக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. நீ பேசி முடிக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

அப்பா